சுகதேகி தேவை

வெள்ளவத்தையில் நோய், வருத்தம் ஒன்றும் இல்லாத ஆள் ஒருவரைத் தேடி உமாசுதன் நாலு நாளாக நாயாய் அலைந்துகொண்டிருந்தான்.

அவன் பிசியோதெரபி படிக்கிறவன். சுகதேகிகளை நன்றாக அழுத்தி மசாஜ் செய்தால் அவர்களுக்கு நோவு தாங்கும் சக்தி கூடுமா என்பதுதான் அவனுடைய ஆய்வு. பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேரைப் பிடித்துவிட்டான். பத்தாமவர் ஐம்பது வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான் என்று விரிவுரையாளர் மேடம் சொல்லிவிட்டார்.

ஐம்பது தாண்டிய நம்முடைய சனத்திடம் போய் "நீங்கள் நல்ல சுகமோ?" என்று கேட்டுப் பாருங்கள். ஓமென்று சொன்னால் நாவூறு பட்டுவிடாதா!

"எனக்கோ தம்பி? சுகர், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூண்டும் கிடக்கு," என்றார் கீழ்மாடி அங்கிள், பட்டம் வாங்கியவர் மாதிரி.

உமாசுதன் லிப்டுக்குள் 'இலவச மசாஜ்' என்று நோட்டீஸ் ஒட்டினான். விடிந்ததும் ஆறு மாடியிலுமுள்ள நாரிநோக்காரர் எல்லோரும் இடுப்பைப் பிடித்தபடி வாசலில் நின்றார்கள்.

"நோவில்லாத ஆக்கள்தான் வேணும்," என்றான்.

"நோவில்லாட்டி எதுக்கடா மசாஜ்? விசரனே!" என்று ஏசிவிட்டுப் போனார்கள். நோட்டீஸையும் கிழித்துவிட்டார்கள்.

கடைசியில் அம்மா ஜெகதீஸ்வரியிடம் சரணடைந்தான்.

"வருத்தமில்லாத ஆள்தானே? நான் ஒரு குடும்பத்துக்குச் சொல்லுறன்," என்றார் அம்மா. அரை மணித்தியாலம் போனில் குசுகுசுத்துவிட்டு வந்து, "ஞாயிறு பின்னேரம் வருவினம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாலசுந்தரம் மடிப்புக் குலையாத சேட்டோடு வந்தார். கூடவே மனைவி பவளராணி, பட்டுச் சேலையும் கையில் ஒரு சீப்புக் கதலிப்பழமுமாக. மசாஜுக்குப் பட்டுச் சேலை எதற்கு என்று உமாசுதன் யோசிக்கவில்லை. ஆள் கிடைத்ததே பெரிய காரியம். படிவத்தை எடுத்தான்.

"சுகர்?"

"இல்லை."

"பிரஷர்?"

"சீச்சீ!"

"மூட்டு நோவு?"

"இவர் மாடிப்படி ஓடி ஏறுவார் தம்பி," என்றார் பவளராணி. பாலசுந்தரம் சோபாவில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார்.

"வீட்டில வேற ஆருக்கும்..."

"எங்கட பரம்பரைக்கே ஒரு வருத்தமும் இல்லை!" என்று பவளராணி முந்திக்கொண்டார்.

உமாசுதனுக்கு வாயெல்லாம் பல். அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, அழுத்தம் காட்டும் கருவியின் றப்பர் முனையைக் கெண்டைக்காலில் வைத்தான்.

"நோகத் தொடங்கின உடன சொல்லுங்கோ அங்கிள்."

நாலு கிலோ. ஐந்து. மற்ற ஒன்பது பேரும் இதற்குள் "ஐயோ" என்றிருந்தார்கள். எட்டு. பத்து. முள் அதற்கு மேல் போகாது.

"நோகேல்லையோ?"

"இல்லைத் தம்பி." குரல் மட்டும் கொஞ்சம் கீச்சென்றது.

உமாசுதனுக்கு வியர்த்தது. மசாஜுக்கு முன்பே மனிதர் உச்சியில் நின்றால், பிறகு எது கூடியதென்று காட்டுவது? மற்றக் காலில் அழுத்தினான். பத்து. தோளில் அழுத்தினான். அங்கும் பத்து.

சரி, மசாஜையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று முழங்கையைப் போட்டு ஏறி அழுத்தினான். கட்டில் முனகியது. பாலசுந்தரம் முனகவில்லை.

"அங்கிள், கண் கலங்குது?"

"ஆனந்தம் தம்பி."

திரும்ப அளந்தான். அதே பத்து. உமாசுதன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அங்கிள், ஒருக்கா நோகுதெண்டு சொல்லுங்கோ. என்ர பட்டமே உங்கட கையிலதான் இருக்கு."

பாலசுந்தரம் பாவமாக மனைவியைப் பார்த்தார். பவளராணி கண்ணை உருட்டினார்.

"பூப்போல இருக்கு தம்பி," என்றார் மனிதர், தலையணையைக் கடித்துக்கொண்டு.

உமாசுதன் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இந்த ஆளையும் விட்டால் வேறு ஆளில்லை. அழுகைதான் வந்தது.

பெடியனின் முகம் வாடியதைப் பவளராணியால் பொறுக்க முடியவில்லை. கதிரையை அவனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"ஒளிச்சு என்ன தம்பி, கலியாணம் முடிஞ்சாப் பிறகு தெரியத்தானே போகுது, இவருக்குச் சுகர், பிரஷர், ரெண்டு முழங்காலும் தேஞ்சுபோச்சு, ஆனா எங்கட மகள் யதுஷாவுக்கு ஒரு குறையும் இல்லை, வெள்ளிக்கிழமை பொம்பிளை பார்க்க வாங்கோ!"