பவுண்டு டபேதாரின் அப்பீல்

ஓமலூர்,
புரட்டாசி, 1936.

ஜேடர்பாளையத்தில் வாய்க்கால் தண்ணியும் வாழைத்தோப்புமாகச் செழித்திருக்கும் மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய காரணத்தால் நீங்கள் சகித்துவரும் சின்னண்ணன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் இரண்டு எருமையும் ஒரு கழுதையும் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமா, ஆடிக்கு வந்த உங்கள் தங்கை மயிலம்மாள் இன்னும் கோபமாகச் சௌக்கியமா என்று எழுதவும். வழக்கம்போல் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்கவும்.

மச்சான், நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தாலுக்கா கச்சேரியில் டபேதாராய், தோளில் சிவப்பு டவாலிப் பட்டையும் அதில் பித்தளை வில்லையுமாக நின்று, கட்சிக்காரர் பேரை மூன்று தடவை கூவி அழைப்பது என் வேலை. கூவினதோடு வாய் சும்மா இருந்தால்தானே? அன்றைக்கு ஒரு பெரியவர் தாழ்வாரத்து பெஞ்சியில் காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மனுக் கொடுக்க வந்தவர் என்று நினைத்து, "ஏனுங்க, மருமவன் ஊட்டுக்கு வந்தாப்ல சாஞ்சுக்கிட்டீங்க, எலை போடச் சொல்லட்டுங்களா?"ன்னு கேட்டுப்போட்டேன். தாழ்வாரமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே தாசில்தாருக்குப் பெண் கொடுத்த மாமனாராம். சாயங்காலத்துக்குள் டவாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, சம்பளத்தையும் குறைத்து, பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கிற பவுண்டுக்குக் காவலாளியாகத் தள்ளிவிட்டார்கள்.

"பழைய வேலை கெடச்சா வந்து கூட்டிட்டுப் போங்க, மாட்டுப் பவுண்டுல என்னால குடியிருக்க முடியாதுங்க" என்று சொல்லிப்போட்டு உங்கள் தங்கை வண்டியேறினாள். உடனே மனு எழுதுகிற பெரியசாமியைப் பிடித்து அப்பீல் எழுதினேன். அப்பீல் டிப்டி கலெக்டருக்குத்தான், ஆனால் தாசில்தார் கைவழியாகத்தான் போக வேணுமாம். அடிச்சவரிடமே போய், 'அடி வலிக்குதுங்க, உங்க மேலதிகாரிகிட்டச் சொல்லிருங்க'ன்னு நிற்கிற மாதிரி இருக்குது. நின்றேன். டிப்டி கலெக்டர் என்னை வரவழைத்து, அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொல் என்றார். சொன்னேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார் மச்சான். சிரித்தவர் கையெழுத்துப் போடாமலா இருப்பார்? ஆகையால் டவாலி எந்நேரமும் வரும், மயிலம்மாள் துணியை மூட்டை கட்டி வைக்கலாம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டைத் தேடி வருகிறவர்கள் கோபமாகவே வருவதால் கேலி எடுபடுவதில்லை. எருமையிடம் பேசினால் பாதியிலேயே அசை போட ஆரம்பித்துவிடுகிறது. தொண்டை துருப்பிடிக்கக் கூடாதே என்று பொழுது சாய்ந்ததும் பவுண்டு வாசலில் நின்று உங்கள் தங்கை பேரை மூன்று தடவை கூவுகிறேன். கழுதைதான் நிமிர்ந்து பார்க்கிறது. அதற்கு நான் அந்தப் பேரை வைக்கவில்லை, சத்தியம்.

பெரியவர்களுக்குக் கும்பிடு, பிள்ளைகள் தலையில் என் கை, உங்கள் தோப்புக்கு நல்ல மழை.

இப்படிக்கு,
(நாளைய) டபேதார் சின்னண்ணன்

பி.கு.: இதை மட்டும் மனசுக்குள் படியுங்கள். அப்பீல் போன மாதமே தள்ளுபடி. சிரிப்பு வேறே, கையெழுத்து வேறே போலிருக்குது. இனி டவாலி வராது, நான் பவுண்டுக்காரன்தான். கச்சேரியில் மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அந்த வழக்குக் கட்டையே மூடி வைத்துவிடுவார்கள். எனக்கு மூடத் தெரியவில்லை, நாளைக்கும் கூப்பிடுவேன். வேண்டாம் மச்சான், இதையும் உரக்கவே படிச்சிருங்க. அவ கேக்கட்டும்.