தனிக்குடித்தனம் கேட்டு சினிமாவுக்குப் போன கதை

கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தனிமை கிடைக்கிற ஒரே இடம் குளியலறை. அங்கேயும் வெளியே நின்றுகொண்டு "இன்னும் ஆகலையா?" என்று கேட்க ஒருவர் இருப்பார்.

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி, எல்லை தாண்டி மலையாள தேசத்துக்கு நான் வந்து சேர்ந்த கரமனை அக்ரஹாரத்து வீடு, வாசலில் ஆரம்பித்துக் கொல்லையில் முடிகிற நீள வீடு. ஒரு அறையைத் தாண்டித்தான் அடுத்த அறை. நடு அறை எனக்கும் என் கணவர் ரவிக்கும். கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். குளியலறையோ கொல்லையில். ஆகவே மாமனார், மாமியார், கொழுந்தன் கணேஷ், யார் எழுந்து போனாலும் எங்கள் கட்டிலை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். மாமனாராவது முன்கூட்டியே இருமிக்கொண்டு வருவார். மாமியார் போகிற போக்கில் என் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போவார். (பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும்!)

இந்த லட்சணத்தில், வங்கியில் வேலை பார்த்த ரவியை வித்துராவுக்கு மாற்றினார்கள். பொன்முடி மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். நாங்கள் இரண்டு பேரும் போய் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு படுக்கையறை. இரண்டுக்கும் கெட்டியான கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். நான் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்ததைப் பார்த்து வீட்டுக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றார்.

மாமியாரிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"தனிக்குடித்தனமா? எதுக்காக்கும்?" என்றார். "காலம்பற ரெண்டு இட்லி தின்னுட்டு பஸ் ஏறினா ராத்திரி ஆத்துக்கு வந்துடலாம். இதுக்குப் போய் மலையில என்ன ஜாகை?"

ரவி வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார், இன்னொரு தோசை போட்டுக்கொள்ள. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சரி, வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். (அப்போது எனக்கு என் மூளையின் மேல் அபார நம்பிக்கை.) கணேஷ் ஒரு திரைப்படக் கழகத்தில் உறுப்பினர். தாடி வைத்துக்கொண்டு உலக சினிமா பார்ப்பான். "ஞாயித்துக்கிழமை என்ன படம்?" என்று கேட்டேன்.

"பழைய கிளாசிக் மன்னி. மலை மேல பெரிய ஹோட்டல், சுத்தி ஒரே பனி. அதைப் பாத்துக்க ஒரு குடும்பம் போறது. அப்பா, அம்மா, பிள்ளை. மூணே பேர்."

மூணே பேர்! எனக்கு அந்த இடத்திலேயே காது அடைத்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பாஸ் வாங்கச் சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் முறுக்கு டப்பாவோடு மாமியார் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ரவி, ஒரு பக்கம் நான். இங்கிலீஷ் படம் ஆனதால் அவருக்குக் கதை சொல்லும் பொறுப்பு எனக்கு. இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா?

மலைப்பாதையில் கார் வளைந்து வளைந்து போனது. "வித்துரா தாண்டினா இப்படித்தான் இருக்கும்மா," என்றேன். "நன்னா இருக்கே!" என்றார். ஹோட்டலின் சமையலறையையும் மளிகை அறையையும் காட்டியபோது அவர் முறுக்கைக் கடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே பார்த்தார். "சாலைக் கடைத்தெரு மொத்தமும் உள்ள இருக்கேடி!" "நாங்க பாத்த வீட்டிலயும் தனி ஸ்டோர் ரூம் உண்டும்மா." விட்டேனா? படத்தில் வருகிற அந்த அப்பாவுக்கும் உங்கள் பிள்ளை மாதிரியே வேலை மாற்றல், உங்கள் பிள்ளை மாதிரியே அதிகம் பேசமாட்டார், அமைதியான இடமாக இருந்தால் பிரமோஷன் பரீட்சைக்குக் கூடப் படிக்கலாம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். மாமியார் தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்குத் தாழ்ப்பாள் போடுகிற சத்தமே காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அந்த மனிதர் பெண்டாட்டியிடம் பேசுவதை நிறுத்தினார்.

"விஜி, அவன் ஏன் அவளை அப்படி முறைக்கறான்?"

"வேலை டென்ஷன்மா."

"பிள்ளையையும் அப்படித்தானே பாக்கறான்?"

"அது... தூக்கம் பத்தலை."

கொஞ்ச நேரத்தில் அவர் கோடாலியை எடுத்தார். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

மாமியார் ரவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "ஓடுடி! அந்தப் பக்கம் போகாதே, அங்கதான் வரான்!" என்று திரையைப் பார்த்து ஒரே கூச்சல். முன்வரிசைப் பையன் திரும்பி, "அம்மே, ஒந்நு மிண்டாதிரிக்காமோ?" என்று மலையாளத்தில் பேசாமல் இருக்கச் சொன்னான்.

"மோனே, அவன் கோடாலி எடுத்தது கண்டில்லே? ஞான் எங்ஙனெ மிண்டாதிரிக்கும்?" என்று மாமியாரும் மலையாளத்திலேயே திருப்பிக் கேட்டார்.

அந்தச் சத்தத்தில், அதுவரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த மாமனார் விழித்து, "கரமனை வந்தாச்சா?" என்று இறங்கத் தயாரானார். அரங்கமே சிரித்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. கணேஷைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். "நீங்க அவ்வளவுதானே கேட்டேள், மன்னி?" என்றான் பாவி.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கால் அலம்பி, விளக்கேற்றிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். தாழ்ப்பாளுக்கு மனதுக்குள் பிரியாவிடை கொடுத்தேன்.

"அந்தப் படத்துல தப்பு எங்க நடந்தது, மனசிலாச்சோ?" என்றார். "அத்தனை பெரிய ஹோட்டல்ல ஒரு மாமியார் இல்லை. 'என்னடா மூஞ்சியத் தூக்கி வெச்சிண்டிருக்கே, வந்து சாப்பிடு'ன்னு அதட்ட ஒருத்தி இருந்தா அவன் கோடாலியைத் தொட்டிருப்பானோ? அதனால நீங்க வித்துராவுக்குத் தாராளமாப் போகலாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நாங்களும் வரோம்."

வந்த தண்ணீர் அப்படியே நின்றது.

"அப்போ கணேஷ்? அவன் இங்க தனியா இருக்கலாமா?" என்று கடைசி முயற்சியாகக் கேட்டேன்.

"அவனுக்குப் பெண்டாட்டியா பிள்ளையா? யாரை வெட்டுவான்?"

ஆக, தனிக்குடித்தனத்துக்குப் படாத பாடு பட்டவள் நான். முழு வீடும் கிடைத்தது கணேஷுக்கு. வித்துராவில் ஒரு அறை அவர்களுக்கு, ஒரு அறை எங்களுக்கு. கதவு இருந்தது. ஆனால் மாமியார் உத்தரவுப்படி தாழ்ப்பாள் போடக் கூடாது. தேங்காய் உரிக்கிற வெட்டுக்கத்தி அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ரவி கொஞ்சம் யோசனையாக உட்கார்ந்தால் போதும், சூடாக ஒரு காபி எதிரில் வந்துவிடும். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே முதல் மழைக்காலத்தில் கரண்ட் போய், மூடுபனி ஜன்னலை அடைத்து, ரவி ஆபீஸ் கவலையில் உம்மென்று இருந்த நாட்களில், மாமியாரின் ஓயாத பேச்சு எனக்குப் பெரிய துணையாக இருந்தது. (தயவுசெய்து இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இப்போது எல்லாரும் மறுபடி கரமனையில். இன்றும் வீட்டில் யாராவது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், "கோடாலி எங்கேன்னு பாருங்கோ" என்று மாமனார் குரல் கொடுப்பார். கணேஷுக்குக் கல்யாணம் ஆகி, திரைச்சீலை போட்ட இன்னொரு அறை அவர்களுக்கு.

போன வாரம் அவன் மனைவி என்னிடம் வந்து, கிசுகிசுவென்று, "மன்னி, நாங்க தனியாப் போகலாம்னு பாக்கறோம். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

"எப்படி வேணும்னாலும் சொல்லு," என்று நானும் கிசுகிசுத்தேன். "சினிமாவுக்கு மட்டும் கூட்டிண்டு போயிடாதே."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எந்த சினிமா? நானும் வரேன்!"