அம்மாவின் பிறந்தநாளும் நாலு பிளக்கும்

என் அம்மாவுக்குப் பிறந்தநாள் வந்தால் போதும், எங்கள் காருக்கு நோய் வந்துவிடும். போன வருஷம் பேட்டரி. அதற்கு முந்தின வருஷம் பிரேக். இந்த வருஷம், பிறந்தநாளான ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹவானாவே காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் புருஷன் எவேலியோ எங்கள் பழைய லாடா காரின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக்கொண்டு வந்து, செத்த எலியைக் காட்டுவதுபோல் காட்டினான்.

"போச்சு நீடியா. நாலும் அவுட்டு."

"புதுசு வாங்கி வெச்சிருக்கியே?"

"இருக்கு. தடவுற பசை இல்லையே!" சட்டைப் பையிலிருந்த புது பிளக்குகளைத் தட்டினான். "இன்ஜின் தலை அலுமினியம். பிளக் இரும்பு. மரையில பசை தடவாம முறுக்கினா ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கும். ஜென்மத்துக்கும் பிரியாது."

"நம்மள மாதிரியா?"

"சிரிக்காதே. அந்தப் பசை இந்தத் தீவுலயே கிடையாது. உங்கம்மாகிட்ட சொல்லிடு."

சொன்ன கையோடு போய் டோமினோ மேஜையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குத் தெருவில் இறுதி ஆட்டம். அது எனக்குத் தெரியாதாம்!

அம்மா குயினேஸ் ஊரில் விடியும் முன்பே பன்றியை நெருப்பில் ஏற்றியிருப்பாள். வாசலைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறும். இந்த வருஷமும் போகாவிட்டால் 'என் சாவுக்காவது வருவாயா?' என்பாள். வருவேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அன்றைக்கு இவன் சக்கரத்தைக் கழற்றுவான்.

மேஜையிலேயே கேட்டேன். "அந்தப் பசை கட்டாயம் வேணுமா?"

"கட்டாயம்!" என்றார் ராமிரோ. எவேலியோவின் ஆட்டக் கூட்டாளி, வேறென்ன சொல்வார்?

"தடவினாத்தான் ஆபத்து," என்றார் எதிரணி லாசரோ. "வழுக்கிட்டுப் போகும். அளவு தெரியாம இறுக்கி மரையே போயிடும். புது பிளக் மேலயே பூச்சு பூசித்தான் வருது."

"உன் கார் ஓடுதா?" என்றான் எவேலியோ.

"இல்ல."

"அப்ப வாயை மூடிட்டு கட்டையைப் போடு."

மேஜை இருந்ததோ காரின் மூக்குக்கு நேரே. இவனை அங்கிருந்து கிளப்பாமல் ஒன்றும் நடக்காது. பக்கத்து வீட்டு ஒந்தினாவிடம் போய் அழுதேன்.

"அழாதடி. என் நாத்தனார் ரெண்டு பேரையும் கூப்பிடறேன். பை மட்டும் குடு," என்றாள்.

மூவரும் காலிப் பையோடு மூலைக் கடையின் பூட்டின கதவருகே போய் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் வரிசை சேர அவ்வளவு போதும்.

"கடைசி யாரு?" என்று ஒருவர் வந்து நின்றார். "கோழியாம்," என்றார் அடுத்தவர். "எண்ணெய்," என்றார் இன்னொருவர். வரிசை தெருமுனையைத் திரும்பியது. ராமிரோ எழுந்து ஓடினார். லாசரோ ஓடினார். எவேலியோ கையிலிருந்த கட்டைகளைக் கவிழ்த்துவிட்டு, "கடைசி யாரு?" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

சன்னலில் கிடந்த பழைய பிளக்குகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இத்தனை வருஷம் டார்ச் பிடித்துத் திட்டு வாங்கியவளுக்கு இதுகூடத் தெரியாதா? கையாலேயே திருகி, ஜாடி மூடி மாதிரி நின்றதும், ஸ்பானரால் ஒரு சின்ன இறுக்கு. சாவியைத் திருப்பினேன். செத்துப்போன நாலும் ஒரு இருமலோடு எழுந்துகொண்டன.

காரைப் பின்பக்கமாக எடுத்து, வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏறு. பன்றி தீஞ்சிடும்."

எவேலியோ காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பசை போடாமலா மாட்டின? ஒட்டிக்குமேடி! அப்புறம் கழட்டவே முடியாதே!"

"அதுக்குத்தான் போடல."

ஏறினான். அவனுக்குப் பின்னால் நின்றவர் சந்தோஷமாக ஓரடி முன்னால் நகர்ந்தார்.