பதினொன்றாம் இடமும் இரு மாப்பிள்ளைகளும்

வாழிய அட்டைப்பெட்டிப் பட்டறையின் மேற்பார்வையாளர்! இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறையின் ஒருநாள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கி, அதில் பத்தொன்பது ஆண்டு மரப்பட்டறை அணியிடம் தோற்றும் தளராத நெஞ்சினர். வீங்கிய முழங்காலைப் பட்டியால் இறுக்கிக் களம் புகும் பெருமகனார். ஆட்டநாளன்றி வேறு திருநாள் அறியாதவர். அன்னார்க்கு நேர்ந்த பெருஞ்சோதனையைப் பாடப் புகுகின்றேன். சொற்களே, முண்டியடிக்காமல் வரிசையில் வந்து உதவுக!

ஞாயிறன்று போர். தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேர் உறுதி. எஞ்சியது ஓரிடம், அதற்கு வேண்டியவர் பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஆல்ரவுண்டர். அந்த ஓரிடத்தைக் குறிவைத்து நின்றோர் இருவர்: வெட்டும் இயந்திரத்தை ஆளும் மூத்த மாப்பிள்ளை, சரக்கு வேனைச் செலுத்தும் இளைய மாப்பிள்ளை. ஆம், இருவருமே தலைவர் பெற்ற பெண்களைக் கட்டியவர்கள். இல்லத்தரசி பிறப்பித்த ஆணையோ இடியினும் கொடிது.

"ரெண்டு மாப்ளையில ஒருத்தர் மூஞ்சி வாடினாலும், நீங்க அந்த கிரவுண்டுலயே படுத்துக்குங்க!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நம் தலைவருக்கு மூன்றாவது பக்கமும் இருந்தது. ஆகவே தேர்வுப் போட்டி ஒன்றே நீதி எனத் துணிந்து, சனிக்கிழமை மாலை பட்டறையின் பின்முற்றத்தில் மூன்று அட்டைக்குழல்களை ஸ்டம்புகளாக நிறுத்தி, தாமே நடுவராக நின்றார்.

பசை வாளிகளைத் தாண்டிப் பாய்ந்து வந்து, பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, மூத்தவர் வீசிய பந்தானது, இளையவரின் மட்டை ஒரு திசை போகத் தான் ஒரு திசை புகுந்து நடுக்குழலைச் சாய்த்தது. வானோர் வியந்தனரோ இல்லையோ, பட்டறைப் பூனை வியந்தது. நடுவர் விரலை உயர்த்த வேண்டியதுதான் பாக்கி. அந்தோ! வாசலில் தலை தெரிந்தாலே எழுந்து நின்று வரவேற்கும் மாப்பிள்ளைக்கு எதிரே விரலைத் தூக்குவதா? பாதி வழி எழுந்த விரல் காதைக் குடைந்தது.

"காத்துல விழுந்துருச்சு மாப்ள. நீங்க ஆடுங்க."

"அப்ப நான் போட்டது என்ன மாமா?" என முழங்கினார் மூத்தவர்.

படைகள் இடம் மாறின. மூத்தவர் விண்ணோக்கி விளாசிய பந்தை, இளையவர் குப்புற விழுந்து, முழங்கை சிராய்த்து, ஒற்றைக் கையால் பிடித்தார். உலகே கண்டது. நடுவர் மட்டும் காணவில்லை.

"தரையில பட்டுருச்சு போல மாப்ள."

இளையவர் முழங்கையை ஊதியபடி வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். மூத்தவர் மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு இயந்திரத்தின் பின்னே மறைந்தார். தலைவரின் கைப்பேசி அலறியது; மூத்த மகள். வைத்ததும் மீண்டும் அலறியது; இளைய மகள்.

தனித்து நின்ற தலைவர் அணிப் பட்டியலை விரித்தார். பத்துப் பெயர்களையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். யாரையும் நீக்க மனமில்லை. மேலே இருந்த முதற்பெயரைத் தொட்ட விரல் மட்டும் அங்கேயே தங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகள் அல்லவா. பின்னர்ப் பேனாவை வாளென உருவி, அப்பெயரை ஒரே வீச்சில் அடித்து, அதற்கு மேல் இரு பெயர்களைப் பொறித்து, முற்றமதிர முழங்கினார்:

"வெளிய வாங்க மாப்ள! ரெண்டு பேருமே ஆடுறீங்க!"

ஞாயிற்றுக்கிழமை அவர் தண்ணீர் பாட்டில் தூக்கினார்.