சுவருக்கு வைத்தியம்

தோலில் வரும் படைக்குப் பூசும் களிம்புக் குழாயின் கழுத்தை நெரித்து, கடைசிச் சொட்டையும் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார் ஸப்ராஸ்.

"இது மூணாவது குழாய்," என்றாள் வாசலில் நின்ற மனைவி நஃபீஸா. "செவரு சொறியுதெண்டு ஒங்களிட்ட வந்து சொன்னிச்சா?"

"பங்கசு எண்டா பங்கசுதான். ஆள்ட தோல்ல வந்தா என்ன, செவத்தில வந்தா என்ன? காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ஏழு நாள். விடாமப் பூசினா போயிரும்."

புத்தளம் டவுனில் ஒரு பாமசியில் இருபத்திரண்டு வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவர் ஸப்ராஸ். டொக்டர்மாரின் கிறுக்கல்களை வாசித்து வாசித்து, ஆளைக் கண்ட மாத்திரத்திலேயே உடம்பில் என்ன வருத்தம், அதன் மூலம் எது என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. தில்லையடியில் அவர் குடியிருக்கும் ஒழுங்கையில் யாராவது தும்மினால்கூட அதற்கொரு காரணம் சொல்வார். கேட்காமலே சொல்வார்.

இப்போதைய நோயாளி அவர் வீட்டுப் பின்னறைச் சுவர். முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தொடங்கிய பூஞ்சணம், இரண்டு மாதத்துக்குள் பாய் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. கிட்டப் போனால் நனைந்த சாக்கு மணம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே மகள் றிஃப்னா தலைப்பிள்ளைப் பேற்றுக்கு அடுத்த மாதம் வருகிறாள். வந்தால் அந்த அறைதான். விஷயம் எப்படியோ மதுரங்குளியிலிருந்த சம்பந்தியம்மாவின் காதுக்குப் போய், அவர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பூஞ்சணம் புடிச்ச ரூமுல பச்சப் புள்ளயக் கிடத்தேலாது. மருமவ எங்கட ஊட்டிலயே பெறட்டும்."

முதல் பேரப்பிள்ளை வேறு வீட்டில் பிறப்பதா? ஸப்ராஸுக்கு அன்றைக்குப் பகல் சோறு இறங்கவில்லை.

ஏழு நாள் மருந்து முடிந்தது. பூஞ்சணம் போகவில்லை. களிம்பின் பிசுக்கில் ஒழுங்கைப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டதில், கறுப்பு இரண்டு மடங்காகத் தெரிந்தது.

"மருந்து கூடிப்போச்சு போல," என்றாள் நஃபீஸா.

"மருந்து காணாது," என்றார் ஸப்ராஸ்.

அடுத்து குளோரின். வாளி நிறையக் கரைத்து, தும்புத்தடியால் அடித்துத் தேய்த்தார். கறுப்பு கொஞ்சம் வெளுத்தது. கூடவே அவர் உடுத்திருந்த புதுச் சாரமும் வெளுத்தது. சுவரின் பச்சைப் பெயின்ட் அப்பளம் அப்பளமாகக் கழன்று விழுந்தது. அந்த நெடியில் இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, தெருவில் போனவர்கள் யாரோ மௌத்தாகி, இது சாவு வீடு என்று நினைத்து உள்ளே வந்து விசாரித்தார்கள்.

நாலாம் நாள் கறுப்பு திரும்பி வந்தது.

"பூசி வேலையில்ல. மூலத்தப் புடிக்கணும்," என்றார் ஸப்ராஸ். "தண்ணி எங்கயிருந்து வருது? மேலயிருந்துதானே வரும். கூரையில ஓட்டை இருக்கு."

"செவத்துக்கு மேல்பாதி காஞ்சுதானே கிடக்கு? கீழதானே ஈரம்?"

"தண்ணிக்கு ரகசிய வழி இருக்கு. ஒனக்கு அது விளங்காது."

ஏணி வைத்து ஏறினார். ஓட்டை இருக்கவில்லை. இறங்கத் திரும்பும்போது அவர் கால் வைத்த இடத்தில் இரண்டு ஓடு உடைந்து, ஓட்டை உண்டானது. அன்று பின்னேரமே மழை. மற்றச் சுவரும் நனைந்து, கிழமை முடிவதற்குள் அங்கேயும் கறுப்பு துளிர்த்தது. இப்போது அறைக்கு இரண்டு வருத்தம்.

உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டு, ஸப்ராஸ் வீட்டைச் சுற்றி நடந்து ஆராய்ந்தார். பின்பக்கம் சுவரின் அடி ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம், சரியாக அதற்கு நேரே, பக்கத்து வீட்டு சுல்பா ராத்தாவின் தண்ணி நிரப்பும் தாங்கி கம்பீரமாக நின்றது.

சுல்பா ராத்தா அவரைவிட நாலு வயது மூத்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வேலிக்கு மேலால் இனிப்பு வட்டிலப்பம் நீட்டுகிறவர்.

"ராத்தா, குறை நினைக்காதீங்க. ஒங்கட தாங்கி கசியுது."

"என்ட தாங்கியா?" சுல்பா ராத்தா தாங்கியைப் பார்த்தார். பிறகு ஸப்ராஸுக்குப் பின்னால் நின்ற நஃபீஸாவைப் பார்த்தார். நஃபீஸா முருங்கை மரத்தைப் பார்த்தாள். "அதுல ஒரு சொட்டுக் கசியாது தம்பி. வேணுமெண்டா தொட்டுப் பாருங்க."

"தண்ணிக்கு ரகசிய வழி இருக்கு ராத்தா."

"ஓம் ஓம். இருக்கும் இருக்கும்," என்றார் சுல்பா ராத்தா ஒரு மாதிரியாக. "சந்தேகப்பட்ட பொறகு அது அங்க இருக்கப்படாது. நாளைக்கே களட்டி முன்னுக்கு வைக்கிறன்."

சொன்னபடி செய்தார். கழற்ற வந்த ஆள் குழாயைத் தவறான இடத்தில் வெட்டினான். அரை நாளாகத் தண்ணீர் வேலியைத் தாண்டி ஊற்றுப் போலப் பாய்ந்து, ஸப்ராஸின் சுவரைக் குளிப்பாட்டியது. அந்த வெள்ளிக்கிழமை வட்டிலப்பம் வரவில்லை.

மகளிடமிருந்து போன் வந்தது. "வாப்பா, மாமி பெட்டியெல்லாம் அடுக்கச் சொல்றாங்க. நான் எங்க வாறது?"

"இங்கதான் மவள். இன்ஷா அல்லாஹ், ரெண்டு கிழமை தாங்க."

அன்று முதல்தடவையாக ஸப்ராஸ் இன்னொருவரிடம் ஆலோசனை கேட்க ஒப்புக்கொண்டார்.

வந்தவர் அல்பேட் பாஸ், சிலாபம் பக்கத்தில் சுவர் கட்டும் மேசன். சுவரை விரல் கணுவால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஸப்ராஸுக்கு இது பிடித்திருந்தது, முறையான வைத்தியம். பிறகு அல்பேட் பாஸ் பூச்சில் ஒரு துண்டைப் பெயர்த்து நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"என்ன?"

"கடல் மண்ணுல பூசியிருக்காங்க நானா. உப்பு ஈரத்த இழுக்கும். பழைய பூச்சக் கொத்தி எடுத்திட்டு ஆத்து மண்ணுல பூசினா ஹரி, எல்லாம் சரியாகிரும்."

கொத்தினார்கள். பூச்சு வந்தது. பூச்சோடு ஒரு கல் வந்தது. அந்தக் கல்லை நம்பி நின்ற பத்துக் கல் பின்னால் வந்தன. தூசி அடங்கியபோது சுவரின் நடுவில் மாடு நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்கு வெளியே முருங்கை மரமும், தூரத்தில் களப்பின் நீரும் தெரிந்தன.

நஃபீஸா வாயைப் பொத்திக்கொண்டாள். அல்பேட் பாஸ் தலையைச் சொறிந்தார். ஸப்ராஸ் ஒரு கதிரையை இழுத்து, அந்த ஓட்டைக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இனி மதுரங்குளிதான். பேரப்பிள்ளையை விருந்தாளி போலப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

அப்போது களப்புக் காற்று வந்தது.

ஓட்டை வழியாக வந்த காற்று அவர் சட்டையை உப்ப வைத்து, அறையைச் சுற்றி, வாசலால் வெளியே போனது. ஒரு மணித்தியாலத்தில் சாக்கு மணத்தைக் காணவில்லை. பின்னேரமாகும்போது, நனைந்திருந்த மற்றச் சுவரும் தொட்டால் காய்ந்திருந்தது.

ஸப்ராஸ் எழும்பி நின்றார். முகத்தில் பழைய வெளிச்சம்.

"காத்து! இந்த ரூமுக்கு மூச்சு முட்டியிருக்கு. மூலம் அதுதான். நான் அப்பவே நினைச்சன்!"

"அப்ப இந்த ஓட்டையவே ஜன்னலாக்குவமா நானா?" என்றார் தப்பிக்க வழி கிடைத்த அல்பேட் பாஸ்.

ஸப்ராஸ் ஒரு கணம் தயங்கினார். கலியாணமாகி வந்த கிழமையிலேயே நஃபீஸா கேட்ட ஜன்னல் அது. களப்புக் காற்று நெஞ்சுக்கு ஆகாது, சளி பிடிக்கும் என்று இருபத்தாறு வருடமாக மறுத்து வந்தவர் அவர்தான். போன வருடம்கூட, "இனி ஜன்னல் கதை எடுத்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று சொல்லியிருந்தார்.

"வைத்தியம் எண்டு வந்தா வேற வழியில்ல," என்றார் கம்பீரமாக. "நஃபீஸா, நீ என்ன சொல்ற?"

"எனக்கு என்ன தெரியும்? ஒங்களுக்குச் சரியெண்டு பட்டாச் செய்ங்க," என்றாள் நஃபீஸா. அல்பேட் பாஸுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனவள், சீனியை இரண்டு தடவை போட்டாள்.

பத்து நாளில் ஜன்னல் நின்றது. நாலு கதவு, நீலப் பெயின்ட். ஆற்று மண்ணில் புதுப் பூச்சு. பூஞ்சணம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. திரும்பி வரவும் இல்லை. றிஃப்னா வந்தாள். கூட வந்த சம்பந்தியம்மா சுவரை உள்ளங்கையால் தடவினார், முகர்ந்து பார்த்தார், அலுமாரிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். கடைசியில், "மாஷா அல்லாஹ், புள்ளக்கி நல்ல காத்து," என்று சொல்லி, மருமகளின் பெட்டியைத் தானே உள்ளே தூக்கி வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஸப்ராஸ் அக்கம்பக்கத்தாரைச் சோற்றுக்குக் கூப்பிட்டார். சுல்பா ராத்தாவிடம் நேரே போய், "தாங்கி விஷயத்த மனசில வைக்காதீங்க ராத்தா, நான் தப்பாச் சொல்லிட்டன்," என்று மன்னிப்பும் கேட்டார். ராத்தா பெரிய சட்டியில் வட்டிலப்பத்தோடு வந்தார்.

சாப்பாட்டுப் பாயில் ஸப்ராஸ்தான் பேசினார். சுவரின் நாடி, உப்பின் குணம், காற்றின் மகிமை, மூலத்தைக் கண்டுபிடிக்கும் முறை. "கூரையில தேடினன், தாங்கியில தேடினன். ஆனா விடல. கடைசியில கண்டுபிடிச்சது யாரு? இந்தக் கண்ணுதான்!" ஆண்களெல்லாம் தலையாட்டினார்கள். இரண்டு பேர் தங்கள் வீட்டுச் சுவரையும் வந்து பார்க்கச் சொன்னார்கள்.

பெண்களுக்குத் தேத்தண்ணி அனுப்ப வேண்டும் என்று, சந்தோஷத்தில் தானே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்தார் ஸப்ராஸ். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நஃபீஸாவும் சுல்பா ராத்தாவும் ஜன்னலோரம் நின்றார்கள். ராத்தா நீலச் சட்டத்தை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு ஜன்னலுக்கா புள்ள நீ மூணு மாசமா இந்தச் செவத்துக்குத் தண்ணி ஊத்தின? எங்கட மனுசன் பத்தே வாளியில எனக்குச் சமைக்கக் குசினி முழுசாக் கட்டித் தந்திட்டாரே!"