பேத்தியின் மதியத் தூக்கம் குறித்து மாப்பிள்ளை அவர்களுக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பரிதி அவர்களுக்கு,

திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து மாமனார் குஞ்சிதபாதம் எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தை அம்சம் சுகம், பேத்தி தமிழ்நிலா எங்கள் இருவரையும்விட சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாயிருக்க மகாலிங்க சுவாமி அருளட்டும். மரியாதை இத்துடன் முடிந்தது.

நேற்று மதியம் சுவரிலிருந்து பேசினீர்கள். "மாமா, ரொட்டீன் மொத்தமா கெட்டுப்போச்சு. பாப்பா மத்தியானம் தூங்குறதே இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயி இங்க கிரெஷ்ல விட்டுக்கறோம்" என்றீர்கள். நேரில் வந்து, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பிள்ளையைப் பார்க்க நீங்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன கேமராவிடம் என்னத்தைக் கேட்பது? மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். எனக்கு நேரம் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

நடந்ததைக் கேளுங்கள். போன வாரம், அறை இருட்டாக இருக்கணும் என்றீர்கள். ஜன்னலில் தார்ப்பாயைக் கட்டினேன். எந்தத் தார்ப்பாய்? குறுவை நெல்லை மூட வைத்திருந்த தார்ப்பாய், வேறு ஏது? தூளி கூடாது, ஆட்டக் கூடாது, தட்டிக்கொடுக்கக் கூடாது, கட்டிலில் போட்டு, நீங்கள் அனுப்பிய மழைச் சத்தப் பெட்டியைத் திருகிவிட்டு வெளியே வந்துவிடணும் என்றீர்கள். அதையும் செய்தேன். பிள்ளைக்குக் கண் சொக்குகிற நேரம், அடுப்படியில் இருந்த உங்கள் அத்தை காதில் சடசடவென்று மழை கேட்டிருக்கிறது. நம்ம நெல் மொத்தமும் ரோட்டில் காய்கிறது மாப்பிள்ளை, நனைந்தால் கொள்முதல் நிலையத்தில் எவன் எடுப்பான்? "ஐயோ, நெல்லு" என்று ஓடி வந்தவள், ஜன்னல் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். வெயில் நேராகப் பிள்ளை முகத்தில். இவள் ஓடுவதைப் பார்த்துத் தெருவே ஓடி, அவரவர் நெல்லை அள்ளி மூடி, அப்புறம் அண்ணாந்து பார்த்தால் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அத்தனை பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். உங்களையா முறைப்பார்கள், நீங்கள்தான் சென்னையில் இருக்கிறீர்களே.

மறுநாள், அழுதா உடனே தூக்காதீங்க மாமா, தானா தூங்கக் கத்துக்கும் என்றீர்கள். சரியென்று கதவுக்கு வெளியே வாட்ச்சைப் பார்த்தபடி நின்றேன். இந்தத் தெருவில் ஒரு பிள்ளையைத் தனியாக அழவிட முடியுமா? பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் வந்துவிட்டாள். "ஏங்க, புள்ளய உள்ள போட்டுட்டு வெளிய நின்னு மணி பாக்குறீங்களே, நீங்கள்லாம் மனுசந்தானா?" என்று திட்டிக்கொண்டே உள்ளே போனாள். உடனே சுவரிலிருந்து நீங்கள், "யாருங்க அது ரூம்ல? வெளிய போங்க" என்றீர்கள். ஆளில்லாத இடத்தில் ஆம்பிளைக் குரல். அந்த அம்மா அலறி ஓடிப்போய், கல்லுப்பும் மிளகாயுமாகத் திரும்பி வந்து, பிள்ளைக்கும் எனக்கும் சுவருக்கும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடே இருமியது. நெடி அடித்ததால் பிள்ளைமேல் திருஷ்டி இல்லையாம், கோளாறு சுவரில்தானாம். தமிழ்நிலா கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கம் எங்கிருந்து வரும்?

ஆக, ரொட்டீனைக் கெடுத்தது நானா? சரி, வாருங்கள், கூட்டிப்போங்கள். அவள் கவுன், பால் டம்ளர், உங்கள் மழைப்பெட்டி எல்லாவற்றையும் கட்டி வைக்கிறேன். கெஞ்சுவேன் என்று நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ ஜனத்தை வழியனுப்பியவன், எனக்கு ஒன்றும் ஆகிவிடாது.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. உங்களுக்கு முறுக்கு சுடப் போகிறாளாம் அத்தை. வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மானமுள்ள மாமனார்
குஞ்சிதபாதம்

பி.கு.: போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்பீர்கள். வாயைத் திறந்தால் பிள்ளை முழித்துக்கொள்வாள். சாப்பிட்டதும் ஈசி சேரில் என் நெஞ்சில் சாய்ந்தவள், நான் இவ்வளவு கோபமாக எழுதியும் அசையவில்லை. இந்த வாரம் முழுக்க இதே நேரம், இதே இடம்தான். நீங்கள் உள்ளே காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுப் பிள்ளை தூங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தே தீருவதானால் சாயங்காலமாக வாங்க மாப்பிள்ளை. மதியத்தில் வந்தால், கதவைத் திறக்க என்னால் எழுந்திருக்க முடியாது.