தட்டு நின்றாலும் வரி கோணாது

வாசகரே, ஒரு காரியம் கெடும்போது ஓடிப்போய்த் தடுக்கிறவர் ஒரு ரகம். யார் கெடுத்தது என்று கத்துகிறவர் இன்னொரு ரகம். இரண்டிலும் சேராமல், கெடுகிற அழகை நேரத்தோடு வரிவரியாகப் பதிந்து வைக்கிறவர் ஒருவர் உண்டு. பதிவுப் பிரியர். மலேசியாவில் பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவருக்குப் பெயர் எட்ரியன்.

தோட்டத்து ஆலையில் தேயிலை காயவைக்கிற டிரையரை ஓட்டும் கணினிப் பெட்டி அவர் செய்தது. அதற்குள் இருக்கிற கெர்னலும் அவர் கைவேலைதான். கெர்னல் என்றதும் மிரளாதீர்கள். பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று ஏவுகிற கங்காணி, அவ்வளவுதான். அந்தக் கங்காணி எப்போதாவது திகைத்து நின்றுவிடுவார். உடனே டிரையருக்குள் ஓடும் தட்டுகளும் நிற்கும். நின்ற தட்டில் இலை கருகும்.

"இன்னொரு வாட்டி நின்னுச்சு, பெட்டியும் வெளிய, சிபாரிசு பண்ண நீயும் வெளிய!" என்று மானேஜர் ராதாகிருஷ்ணன் டிரையரைப் பார்த்துக்கொள்ளும் கரேனிடம் சொல்லிவிட்டார். கரேன், எட்ரியனின் மனைவி.

வேறு யாராவதாக இருந்தால் கோளாறைத் தேடியிருப்பார். நம்மவர் டிரேஸ் வைத்தார். அதாவது, கங்காணி இனி எதைச் செய்வதானாலும் முதலில் நேரம், வேலை, விவரம் மூன்றையும் திரையில் எழுத வேண்டும். சும்மா எழுதினால் போதுமா? நேரம் இடப்பக்கம் ஒட்டி, எண்கள் வலப்பக்கம் ஒட்டி, எச்சரிக்கை மஞ்சளில், ஆபத்து சிவப்பில், புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வந்து நிற்கும்வரை, தட்டில் போட்ட சோறு ஆறி, கரேன் அதைச் சூடாக்கி, அது மறுபடி ஆறி, மனிதர் அசையவில்லை.

"கோளாறு தெரிஞ்சிச்சா?" என்றாள் கரேன்.

"அது கெடக்கட்டும். வரியப் பாரு, எவ்ளோ நேரா நிக்குது!"

மறுநாள் டிரையர் நிறைய இலை. தட்டு நின்றது. புகை வந்தது.

"ஐயோ, தட்டு நிக்குது லா! ஏதாச்சும் பண்ணுங்க!"

"தொடாத! டிரேஸ் ஓடுது!"

திரையில் கடைசி வரி நிதானமாக வந்துகொண்டிருந்தது: 'தட்டை நகர்த்தப் போகிறேன்.' கங்காணி வரியை அலங்கரித்து முடிக்கட்டும் என்று தட்டு காத்திருந்தது. இலை காத்திருக்கவில்லை.

கரேன் பெட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டுப் பழைய கைச்சுவிட்சைத் தட்டினாள். தட்டு நகர்ந்தது. "முன்னயாவது எப்பவாச்சும்தான் நின்னுச்சு. இப்ப எழுதி எழுதியே நிப்பாட்டுறீங்க!" என்றாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்த மானேஜர், பிடுங்கிப் போட்ட வயரையும் ஓடுகிற தட்டையும் பார்த்தார். "கரேன் இருக்கட்டும். பெட்டி வெளிய!"

எட்ரியன் பேனாவை எடுத்தார். "சரி சார். எத்தன மணிக்கு?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், உங்கள் அடுப்படியிலிருந்து ஏதோ தீய்கிற வாசம் வருகிறதே? வந்தும், இந்தக் கடைசி வரியை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்றுதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

வணக்கம், எட்ரியன்.